சிட்டையும் பேரேடும்

2004-இல் மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் கணினி பார்க்கும் ஆளாகச் சேர்ந்தேன். எடைமேடையோடு இணைத்த லினக்ஸ் சர்வர் ஒன்று, அதில் எக்ஸ்ட்2 என்ற கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு. பக்கத்தில், உப்புக் காற்றில் முனையெல்லாம் பூத்துப்போன பேட்டரிகளோடு ஒரு யுபிஎஸ். வாடைக் காலத்தில் கரண்ட் போனால் அதுவும் கூடவே போய்விடும். திரும்ப வந்ததும், பிழை தேடும் எஃப்எஸ்செக் நிரல் வட்டு முழுவதையும் தடவிப் பார்க்க முக்கால் மணி நேரம். அதுவரை பில் கிடையாது. வாசலில் லாரி நிற்கும், பெட்டியில் ஐஸ் உருகும், டிரைவர் என்னையே பார்ப்பார்.

அதன் அடுத்த பதிப்பான எக்ஸ்ட்3-க்கு மாறுவது சுலபமாக இருந்தது. வட்டை அழிக்க வேண்டாம், ட்யூன்2எஃப்எஸ் கட்டளை ஒன்றிலேயே ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, சேர்ந்துவிடும். அடுத்த முறை கரண்ட் போய் வந்தபோது சர்வர் சில நொடிகளில் எழுந்துகொண்டது. கணக்குப்பிள்ளை அண்ணன் நம்பவில்லை. அவர் மேசையைக் காட்டியே விளக்கினேன். "முதல்ல சிட்டையில குறிச்சிட்டு அப்புறம் பேரேட்டுல ஏத்துறீங்கல்ல? பாதியில எந்திரிச்சுப் போனாலும் சிட்டையைப் பாத்துத் தொடரலாம். அதேதாண்ணே இது."

நல்ல விளக்கம் என்று எனக்கே பெருமை. அந்தப் பெருமைதான் கெடுத்தது.

2006-இல் புது சர்வர் வந்தது. எஸ்ஜிஐ நிறுவனம் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கி, பிறகு லினக்ஸுக்கு வந்த எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, பெரிய கோப்புகளில் பறந்தது. வேகத்தை அளந்தேன், அதையே போட்டேன். ஒரு மழை இரவில் கரண்ட் போனது. சர்வர் உடனே எழுந்தது. வட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் எடைக் கோப்பின் கடைசிப் பகுதியில் வெறும் சுழியங்கள். எக்ஸ்எஃப்எஸ் ஜர்னலில் எழுதுவது கோப்பின் பெயர், அளவு, இடம் போன்றவற்றை மட்டும்தான். உள்ளே இருக்கும் எடையை அல்ல. சிட்டையில் "பக்கம் 12-இல் கணக்கு உண்டு" என்று எழுதிவிட்டு, பக்கத்தை வெறுமையாக விட்ட மாதிரி. பிற்பாடு வந்த லினக்ஸ் கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) இதைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அண்ணனின் காகிதச் சிட்டைதான்.

எக்ஸ்ட்3-உம் எடையை ஜர்னலில் எழுதுவதில்லை. வழக்கமான ஆர்டர்டு முறையில் தரவை வட்டில் இறக்கிய பிறகே ஜர்னலை முடிக்கிறது, அவ்வளவுதான். ஐந்து நொடிக்கு ஒருமுறை அது நடக்கும். கடைசி ஓரிரு பெட்டி போகலாம், சுழியம் வராது. தரவையும் ஜர்னலில் எழுதும் முறை உண்டு. எல்லாமே இரண்டு தடவை எழுதப்படுவதால் எங்கள் வட்டு திணறியது.

திரும்ப எக்ஸ்ட்3-க்கே போனேன். சில வருடம் கழித்து வந்த எக்ஸ்ட்4, வேகத்துக்காக வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது; அதற்குள் கரண்ட் போனால் எழுதாத எடை போய்விடும். இதற்குள் எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் எஃப்சிங்க் (தரவை உடனே வட்டில் இறக்கச் சொல்லும் அழைப்பு) செய்யும்படி எடை நிரலையே மாற்றினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் கம்பெனியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். அப்போது பழைய கணினியில் ஒவ்வொரு கோப்பு முறைமையாகப் போட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பேன். வேக அளவு எதையும் அப்புறம் நான் குறித்து வைக்கவில்லை.

"கரண்டு போறதே பத்தாதுன்னு நீங்க வேற பிடுங்குறீங்களா தம்பி?" என்பார் அண்ணன், சிட்டையிலிருந்து கண்ணெடுக்காமல்.