ஞாயிறு முகாமுக்கு ஆள் வேண்டும்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் கோயில் மண்டபத்தில் நடக்கிற இலவச இனிப்புநீர் (நீரிழிவு) பரிசோதனை முகாமுக்கு ஆள் பற்றவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். டாக்டரும் தாதிகளும் வந்துவிடுகிறார்கள். நாற்காலி போட, ஐசி (அடையாள அட்டை) பார்த்து பாரம் (படிவம்) நிரப்ப, "ஆன்ட்டி, பசியாறியாச்சா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுதத்தான் ஆளில்லை. அதைக் கேட்காமல் விரலில் குத்தி எடுக்கிற சீனி அளவை வைத்து டாக்டர் என்ன சொல்வார்?

2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர், அதில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. நம் இந்தியர்கள் கதை இன்னும் மோசம்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், முகாமில் அளவு கூடுதலாக வந்தாலும் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், கிளினிக் பக்கமே தலைகாட்டுவதில்லை. காசு ஒரு காரணம் என்றால், அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குகிறவர்கள், அவர்களின் கணவன் அல்லது மனைவியும்கூட, 40 வயது ஆகியிருந்தால், குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டமான பெக்கா பி40-இல் சேர்ந்த தனியார் கிளினிக்கில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். தனியாக விண்ணப்பம் போட வேண்டாம், ஐசி எடுத்துப் போனால் தகுதி உண்டா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். இதைச் சொன்னால், "சும்மா எவன்மா தருவான்" என்று கேட்கிற அங்கிள்மார்தான் அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்க ஒரு ஆள் இருந்தால் கேட்டுக்கொள்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

மலாய் பாரம் படிக்கத் தெரிந்தால் போதும், மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காலேஜ் பிள்ளைகள் இன்பாக்ஸுக்கு வாங்க. பசியாற நாங்கள் தருகிறோம், ஆனால் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான், சீனி கேட்கக்கூடாது.