ஜூன் 2, ஜூலை 7 ஆன கதை

2020 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். ஜூன் 2-ம் தேதி நியூ ஜெர்சி பிரைமரியில், அதாவது நவம்பர் தேர்தலுக்குக் கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவில், முதல் ஓட்டு என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்குள் கொரோனா வந்துவிட்டது. ஏப்ரல் 8-ம் தேதி கவர்னர் ஃபில் மர்ஃபி பிரைமரியை ஜூலை 7-க்குத் தள்ளிவைத்தார். அன்றைக்கே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸும் விலகினார்.

ஊரிலிருந்து அப்பா போனில், "ஏம்ப்பா, கவர்னர் சொன்னா தேர்தல் தேதியே மாறிடுமா?" என்றார். இங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வாக்காளர் பதிவுப் படிவம் மேசையிலேயே கிடந்தது. மே 12 கடைசி நாள் என்று எங்கோ குறித்து வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. சரி, நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மனைவிதான், "தேர்தலுக்கு 21 நாள் முன்னாடின்னுதானே கணக்கு? தேர்தல் தள்ளிப்போனா இதுவும் தள்ளிப்போகாதா?" என்றாள். பார்த்தால் ஜூன் 16 வரை நேரம் இருந்தது. அன்றே தபாலில் போட்டேன்.

படிவத்தில் எந்தக் கட்சி என்று கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டதுதான் பிசகு. அந்த முறை பெரும்பாலும் தபால் ஓட்டு. கட்சியில் பதிந்தவர்களுக்கு வாக்குச்சீட்டே வீட்டுக்கு வரும். சாராதவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதில் ஒரு கட்சியையும் குறிக்க வேண்டும். குறித்தால் அந்தக் கட்சிக்காரர் என்றே பதிவாகிவிடும். ஊரில் மூன்று தலைமுறையாக உறுப்பினர் அட்டை வாங்காத குடும்பம் எங்களுடையது!

வேறு வழியில்லாமல் ஒன்றைக் குறித்து அனுப்பினேன், வாக்குச்சீட்டு வந்தது. உள் உறையோடு ஒட்டியிருந்த சான்றிதழ்த் துண்டை, ரசீது போல இருக்கிறதே என்று கிழிக்கப் போனேன். "அதைக் கிழிச்சா ஓட்டு செல்லாதுங்க!" என்று மனைவி கையைப் பிடித்தாள். அதில் போடும் கையெழுத்தைப் பதிவுப் படிவத்தில் உள்ளதோடு ஒப்பிடுவார்களாம். படிவத்தில் பழக்கதோஷத்தில் தமிழில் போட்டிருந்தேன். பழைய காகிதத்தில் நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, உறையிலும் தமிழிலேயே போட்டேன்.

ஜூலை 7 முத்திரையோடு 14-ம் தேதிக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தார்கள். ஆனாலும் தபாலை நம்ப மனம் வரவில்லை. காரை எடுத்துப்போய் வாக்குப் பெட்டியிலேயே போட்டேன். அப்பாவுக்கு அனுப்பலாம் என்று விரலைப் படம் எடுக்கப் போனேன். மை எங்கே இருக்கிறது?