ஆறு இருந்தும் எரிந்த ஊர்

ஆஸ்பத்திரி, ஆபீஸ், குடோன் எதுவானாலும் கூரையிலிருந்து, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்கள் வரிசையாகத் தொங்குகின்றன அல்லவா? அவற்றுக்கு எத்தனை அங்குலக் குழாய், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பிரஷர் என்று கணக்குப் போட்டு வரைபடம் தயாரிப்பதுதான் என் வேலை. கலிஃபோர்னியாவின் தலைநகரான சேக்ரமெண்டோவில் வேலை. பழைய நகரப் பகுதியில் உள்ள செங்கல் கட்டடங்களுக்காக அடிக்கடி அங்கே போக வேண்டியிருக்கும். இரண்டாம் தெருவில் ஒரு பழைய தீயணைப்பு நிலையம் இருக்கிறது. 1853இல் கட்டியது. மூன்றாம் எண் எஞ்சின் கம்பெனி என்ற தீயணைப்புக் குழுவின் வண்டி நின்ற இடம். 1960 முதல் உணவகமாக நடக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் தொழிலின் அரிச்சுவடி அங்கேதான் கிடக்கிறது என்று தோன்றும்.

1848 ஜனவரியில் மலையடிவாரத்தில் தங்கம் கிடைத்ததும் இரண்டு ஆறுகள் கூடும் இந்தக் கரையில் ஊர் முளைத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து படகில் வருபவர்கள் இங்கே இறங்கி, மண்வெட்டியும் மாவும் வாங்கிக்கொண்டு மலைக்குப் போவார்கள். அவசரத்தில் எழும்பிய ஊர் அது. பலகைச் சுவர், துணிக்கூரை, எண்ணெய் விளக்கு. 1850லேயே வியாபாரிகள் சேர்ந்து, கொக்கியும் ஏணியும் கொண்ட ஒரு தன்னார்வத் தீயணைப்புக் குழுவை அமைத்தார்கள். கொக்கி எதற்கு? எரிகிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டை இழுத்துச் சாய்ப்பதற்கு. தண்ணீரை நம்ப முடியாத காலத்தில் தீயின் வழியில் இருப்பதை அகற்றுவதுதான் முதல் ஆயுதம்.

1852 நவம்பர் 2, தேர்தல் நாள். அன்று இரவு ஜே தெருவில் பெண்களுக்கான தொப்பிக்கடை ஒன்றில் தீப்பிடித்தது. வடக்கிலிருந்து பலமான காற்று. விடிவதற்குள் ஊரில் எட்டில் ஏழு பங்கு சாம்பல். சில தெருக்கள் தள்ளி அத்தனை பெரிய ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. ஆறு பக்கத்தில் இருப்பதும் தண்ணீர் தீயின் மேல் விழுவதும் வேறு வேறு. அன்றைய எஞ்சின் என்பது கையால் இயக்கும் பம்ப். இரண்டு பக்கமும் நீளமான கட்டைகள். ஆட்கள் வரிசையாக நின்று ஏற்றி இறக்குவார்கள். சில நிமிடங்களில் தோள் விட்டுப்போகும், அடுத்த ஆள் மாற வேண்டும். கரை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு உறிஞ்சுவது கடினம். எப்பேர்ப்பட்ட பம்பானாலும் உறிஞ்சும் உயரம் 33 அடியைத் தாண்டாது. நடைமுறையில் 25 அடியே பெரும்பாடு. செப்பு ஆணி அடித்த தோல் ஹோஸ் நீள நீள, உரசலில் பிரஷர் குறையும். அதனால் ஒரு எஞ்சின் அடுத்த எஞ்சினுக்கு ஊட்ட, அது அதற்கடுத்ததற்கு ஊட்ட என்று சங்கிலி போட வேண்டியிருக்கும். நடுவில் ஒன்று தளர்ந்தால் முனையில் தண்ணீர் சொட்டும்.

இன்றும் எங்கள் கணக்கு அந்த முனையிலிருந்துதான் தொடங்குகிறது. தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து மிக எட்டத்தில் இருக்கும் ஸ்பிரிங்ளரை எடுத்துக்கொள்வோம். அங்கே குறைந்தது 7 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு பிரஷர், கிடைக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு அடி உயரத்துக்கும் இழப்பைக் கூட்டிக்கொண்டே தெருக் குழாய் வரை வருவோம். அப்புறம் தெருவில் ஹைட்ரண்டை, அதாவது தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய் வாயை, திறந்து சோதனை. பாய்கிற தண்ணீரின் நடுவே, அதன் பிரஷரை அளக்கும் பிட்டோ கேஜின் மெல்லிய முனையை நீட்டிப் பிடிக்க வேண்டும். கை நடுங்கும், சட்டை நனையும், முள் ஆடி ஆடி ஒரு எண்ணில் நிற்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஆறு பக்கத்தில் இருந்தால் போதாது, தண்ணீர் தெருவுக்கு வந்து சேர வேண்டும் என்ற முடிவுக்குத்தான் சேக்ரமெண்டோக்காரர்களும் வந்தார்கள். 1854இல் ஆற்றங்கரையிலேயே நகராட்சிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, அதன் மேலே பெரிய தண்ணீர்த் தொட்டிகளை வைத்தார்கள். ஆற்றிலிருந்து பம்ப் செய்து ஏற்றிவிட்டால் தண்ணீர் தன் எடையாலேயே குழாயில் இறங்கும். நம் மொட்டை மாடி டேங்க் கதைதான். கீழே நகரசபையும் சிறையும்கூட இருந்தன. ஒரு அடி உயரத்துக்கு 0.433 பிஎஸ்ஐதான் கிடைக்கும்; இரண்டு மாடி உயரத்தில் பெரிய பிரஷர் வராது. ஆனாலும் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. அங்கிருந்து தீக்கு அனுப்புவது எஞ்சின்காரர்களின் பாடு. மூன்றாம் எண் நிலையத்துக்கு உண்மையான பலம் இந்தத் தொட்டியிலிருந்துதான் வந்தது என்பது என் கருத்து.

தீக்குப் பிறகு வந்த கட்டடங்களில் செங்கல் கூடியது. ஜன்னல்களுக்கு இரும்புக் கதவு. அந்தக் காலத்து இரும்புக் கதவைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கனமான தகடு, சுவரிலேயே பதித்த கீல், உள்ளே பெரிய தாழ்ப்பாள். வெளியே எரிந்தால் சாத்திக்கொள்ளலாம். ஆனால் 1851 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் சூட்டில் விரிந்த இரும்புக் கதவுகளைத் திறக்க முடியாமல் சிலர் உள்ளேயே மாண்டார்கள். வெளியேறும் வழியைப் பற்றி இன்று இத்தனை விதிகள் இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. அதனால் விதிப்புத்தகத்தைச் சலிப்போடு புரட்ட என்னால் முடிவதில்லை.

1861-62 குளிர்காலத்தில் பெருவெள்ளம். புதிய ஆளுநர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் பதவியேற்புக்குப் படகில் போனார். பிறகு தெருக்களையே மண் கொட்டி உயர்த்தினார்கள். பல கட்டடங்களின் தரைத்தளம் நிலவறையானது. 1872இல் தன்னார்வக் குழுக்களுக்குப் பதில் சம்பளம் வாங்கும் துறை வந்தது. இரண்டாம் தெரு நிலையம் 1921 வரை வேலை செய்தது.

நெடுஞ்சாலைக்காக இந்தப் பகுதியின் பெரும்பகுதியை இடிக்க இருந்த காலத்தில் முதலில் சீரமைக்கப்பட்டவற்றில் இந்த நிலையமும் ஒன்று. தண்ணீர்த்தொட்டிக் கட்டடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இப்போது அங்கே இருப்பது பழையதைப் பார்த்து மறுபடி கட்டியது. 1985 முதல் நகர வரலாற்று அருங்காட்சியகம். ஊருக்கு வரும் நண்பர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். ஆற்றையும் தொட்டி இருந்த உயரத்தையும் காட்டிவிட்டு, அங்கிருந்து நடத்தியே இரண்டாம் தெருவுக்கு அழைத்து வருவேன். அந்தத் தூரத்தைக் காலால் அளந்த பிறகு, நிலையத்தின் வாசலில் நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பதில்லை.