நனைத்த மஞ்சள்

எங்கள் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் நான்கு மாதமாக ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது. உள்ளே 11 ரூபாய். பங்குனிக் கடைசியில் என் மகளுக்கு அம்மை போட்டபோது அத்தை முடிந்து வைத்தது. "முண்டகக்கண்ணி தாயே, பிள்ளைக்குத் தழும்பில்லாம தண்ணி ஊத்த வை. ஆடி வெள்ளிக்கு இவ அம்மா மஞ்சள் நனைச்ச சேலையோட உன் வாசலுக்கு வருவா" என்று என் பேரில் அவரே வேண்டிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? டாக்டர் கொடுத்த மருந்தையும் கொடுத்தோம், வேப்பிலையும் விரித்தோம், அவளையும் கூப்பிட்டோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று என் பெண் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வடு இல்லை. என் தாயே.

எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு நிறம் உண்டு. ஆடி வந்தால் மஞ்சளும் சிவப்பும்தான், கறுப்பு பீரோவை விட்டு வெளியே வராது. கார்த்திகை முதல் தேதி என் கணவர் மாலை போட்டதும் அதே கறுப்பு கொடியில் காயும். தை பிறந்தால் பழனிக்கு நடக்கிறவர்களின் பச்சையும் காவியும். கறுப்பென்றால் உயிரை விடும் என் மகள் ஒருநாள் கேட்டே விட்டாள், "அப்பா மட்டும் கட்டலாமா பாட்டி?" அத்தை சொன்னார்: "அது விரதக் கறுப்புடி. நீ கேக்கறது ஆசைக் கறுப்பு."

நான் தி.நகரில் நல்ல மஞ்சள் சேலையாக ஒன்று எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கடை மஞ்சள் வேறு, கையால் நனைத்த மஞ்சள் வேறு. வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் எப்படி இருக்கிறதென்று தோளில் போட்டுப் பார்க்கப் போனேன், பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். மஞ்சள் படாத வெள்ளை சுமங்கலி தோளில் ஒரு நொடிகூடக் கிடக்கக் கூடாதாம். எந்தப் புதுத் துணிக்கும் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. விரலி மஞ்சளை அம்மியில் அவரே அரைத்தார். அகலமான அலுமினிய அன்னக்கூடையில் கரைத்து, சேலையை மடிப்பு மடிப்பாக அமுக்கி, திருப்பி, மறுபடி அமுக்கி, ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்காரர். மறுநாள் பார்க்கிறேன், அவர் நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

மூன்றாம் வெள்ளி காலை வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினோம். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பேரிலேயே ஸ்டேஷன் இருப்பது எவ்வளவு சௌகரியம்! இறங்கியதும்தான் கஷ்டம். தெரு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் கூட்டம். பாலுக்குச் சீட்டா, செருப்புக்குச் சீட்டா என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் "வரிசை வேணாம்மா, 500 குடுங்க, நேரா முன்னாடி நிக்க வைக்கறேன்" என்று கூடவே வந்தார். வேண்டுதலோடு வருகிறவளிடம் இப்படிப் பேசலாமா? மனது நொந்து போனது. அம்மன் எல்லாருக்கும் ஒரே அம்மாதானே, வரிசையிலேயே நின்றோம்.

ஒரு மணி நேரம் நின்றிருப்போம், திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை, வரிசையை விடவும் மனமில்லை. என் சேலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டிக் காலடியில் ஓடியது. பக்கத்தில் நின்ற பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை, வெள்ளைச் சட்டை. என் முந்தானை உரசி அந்தச் சட்டையில் பெரிதாக ஒரு மஞ்சள் திட்டு. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அந்த ஈரத்தைத் தொட்டுக் குழந்தையின் இரண்டு கன்னத்திலும் தடவிவிட்டு, "இருக்கட்டும்கா, அம்மாளே பூசிவிட்டா" என்றாள்.

உள்ளே போனபோது மழை விட்டிருந்தது. கருவறையின் ஓலைக் கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் கோபுரம், இவளுக்குத் தென்னங்கீற்றுதான். சுயம்பு. முண்டகம் என்றால் தாமரை, தாமரைக் கண்ணாள். தலைக்கு மேலே கற்பூரப் புகை கீற்றில் தங்கி நின்றது. கண்ணெதிரே என் தாய், மஞ்சள் காப்பில். அவளுக்கும் மஞ்சள், எனக்கும் மஞ்சள். என்னென்னவோ கேட்க நினைத்து வந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. அம்மா, அம்மா என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் என் மகள் நனைந்த தலையோடு கைகூப்பி நிற்கிறாள், கற்பூர வெளிச்சத்தில் அந்த முகம் பளிச்சென்று இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? பின்னாலிருந்து "நகருங்கம்மா, நகருங்க" என்று தள்ளினார்கள். குருக்கள் கையில் வேப்பிலையும் குங்குமமும் வைத்தார். முடிச்சை உண்டியலில் போட்டது நானா அத்தையா என்றுகூட நினைவில்லை. புற்றைச் சுற்றி வந்து, ஈரத் தரையில் மூன்று பேரும் உட்கார்ந்து அழுதோம்.

சனிக்கிழமை சேலையைச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் மஞ்சளெல்லாம் ரத்தச் சிவப்பாகத் திரும்பியது. "அத்தை!" என்று கத்திவிட்டேன். நிதானமாக வந்து எட்டிப் பார்த்தார். "ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலந்தா என்ன ஆவுது? அதேதான். சோப்புலயும் காரம் இருக்கில்ல. மஞ்சளும் அவதான், குங்குமமும் அவதான்மா" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசியதும் மஞ்சள் திரும்பி வந்தது, கொஞ்சம் இளசாக.

வேண்டியது ஒரு வெள்ளிக்குத்தான். ஆனாலும் சேலையை நிழலில்தான் உலர்த்தியிருக்கிறேன், வெயில் பட்டால் வெளுத்துப்போகும். ஆடியில் இன்னும் இரண்டு வெள்ளி இருக்கிறது.