பாப்பாவுக்கு இ.இ.ஜி. எடுக்கப் போய்த் திரும்பி வந்த கதை

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஆடியிலிருந்து அவளுடைய டிக்டேஷன் நோட்டில் ஓட்டை விழ ஆரம்பித்தது. முதல் மூன்று சொல் சரியாக இருக்கும், நாலாவது இருக்காது, ஐந்தாவது மறுபடி சரியாக இருக்கும். டீச்சர் சிவப்பு மையில் ‘கவனம் இல்லை’ என்று எழுதி அனுப்புவார். நானும் திட்டினேன். ஒரு நாள் அடித்தும்விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ஒரு ராத்திரி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் கை, வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது. கண் திறந்திருக்கிறது, இமை மட்டும் படபடக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், தோளைத் தொட்டேன், ஒன்றும் இல்லை. பத்து எண்ணுவதற்குள் சோறு வாய்க்குப் போனது, விட்ட இடத்திலிருந்து பேச்சும் தொடர்ந்தது. நடுவில் ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளூர் டாக்டரிடம் இரண்டு தடவை போனோம். இரண்டு தடவையும் அவர் முன்னால் அது வரவில்லை. “பிள்ளைங்க அப்படித்தாம்மா பராக்குப் பாக்கும்” என்று அனுப்பிவிட்டார். வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பதுதான் என்று நாங்களும் நினைத்திருந்தோம். என் தம்பிதான், “அக்கா, சொல்லிப் பிரயோஜனம் இல்ல, போன்ல எடுத்து வை” என்றான். மூன்று நாளில் நாலு வீடியோ கிடைத்தது. மதுரையில் குழந்தைகள் நரம்பியல் டாக்டர் முதல் வீடியோவிலேயே பிடித்துவிட்டார். பாப்பா கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அவர் கண்ணெதிரே அப்படியே நின்றுபோனாள். பெரும்பாலும் 4 வயதிலிருந்து 10 வயதுக்குள் தொடங்கும் ‘ஆப்சென்ஸ்’ வகை வலிப்பு இது, ஒரே நாளில் பல தடவை வரும் என்றார். எல்லா வலிப்புக்கும் ஒரே மருந்து கிடையாதாம். கார்பமசிபைன் மாதிரி சில மருந்துகள் இந்த வகையை அதிகமாக்கிவிடுமாம். அதனால் மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவேன் என்றார்.

அங்கேதான் மாட்டினோம். கவுன்ட்டரில் கொடுத்த சீட்டில் தேதியும் நேரமும் மட்டும்தான் இருந்தது. முதல் நாள் சாயந்திரம் என் அத்தை, வெளியூர் போகிற பிள்ளை பரட்டைத் தலையோடு போகலாமா என்று தேங்காய் எண்ணெய் வழிய வழிய வைத்து இரட்டைச் சடை பின்னிவிட்டார். விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனோம். பாப்பா வழியெல்லாம் நன்றாகத் தூங்கினாள். டெக்னீஷியன் வகிட்டில் ஒரு விரல் வைத்துப் பார்த்தார். “எண்ணெய் இருந்தா ஒயர் ஒட்டாதும்மா. தூக்கத்தைக் குறைச்சுட்டு வரணும், இவ தூங்கிட்டு வேற வந்திருக்கா.” அங்கேயே தலைக்குக் குளிப்பாட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். கவுன்ட்டர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து நாள் தள்ளி வேறு தேதி. சீட்டிலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்டதற்கு, “இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்மா” என்றார். எங்களுக்குத் தெரியவில்லையே! அந்தப் பத்து நாளும் பிள்ளை ரோட்டில் நின்றுவிடுவாளோ என்று கையை விடாமல் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

ஆகவே, போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டுங்கள், அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம். எத்தனை மணிவரை விழித்திருக்க வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். பட்டினி போடாதீர்கள், சாப்பிட்டே போகலாம். பஸ்ஸில் தூங்க விடாதீர்கள். இரண்டாம் தடவை நான் மதுரைவரை விடுகதை போட்டுக்கொண்டே போனேன்.

இ.இ.ஜி. எடுப்பதில் வலி இல்லை, தலைக்குள் கரண்ட் எதுவும் செலுத்துவதில்லை. பசை வைத்து இருபது ஒயர் போல ஒட்டினார்கள். காகிதக் காற்றாடியை மூன்று நிமிஷம் ஊதச் சொன்னார்கள். கோடுகள் திடீரென்று எல்லா வரியிலும் ஒன்றாகக் குத்திட்டு எழுந்தன, விநாடிக்கு மூன்று வீதம். டெக்னீஷியன் அவள் காதருகில் “மயில்” என்றார். கோடு அடங்கியதும், “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார். பாப்பா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது கேட்கவே இல்லை. டிக்டேஷனில் விட்டுப்போன ஒவ்வொரு சொல்லும் அப்போது என் கண் முன்னால் வந்தது.

சோடியம் வால்புரோயேட் சிரப் எழுதினார்கள். வீட்டு ஸ்பூனில் அளக்காதீர்கள், மில்லி போட்ட மூடியோ சிரிஞ்சோதான் சரி. மருந்துக் கடையில் “இதுவும் அதேதாம்மா” என்று வேறு கம்பெனி பாட்டிலைத் தந்தால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பெண் பிள்ளை என்பதால், பெரியவளாகும் வயதில் இந்த மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். கர்ப்பக் காலத்தில் இது குழந்தையைப் பாதிக்குமாம். ஆனால் இந்த வகை, நிறையப் பிள்ளைகளுக்குப் பதின்வயதில் நின்றுவிடும் என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

வெளியே மூச்சு விடாதே, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வரும் என்றார் அத்தை. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இடம் தந்த வார்த்தையை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இலேயே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அத்தை சமாதானமாகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். பெரிய வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108-க்குப் போன் செய்யுங்கள் என்று எழுதியே கொடுத்தேன். டீச்சர் படித்துவிட்டுப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் டிக்டேஷனில் இரண்டு தப்பு. இரண்டும் ர, ற குழப்பம். பத்து வரியும் எழுதியிருந்தாள்.