ஃப்ரிட்ஜில் ஊறும் டீ

கத்திரி வெயிலிலும் மூணு மணி ஆனால் ஆவி பறக்க டீ குடிக்கிற ஆள்தான் நான். போன வருஷம் முடியாமல் போய் ஐஸ் டீ பக்கம் வந்தேன். முதலில் வாங்கியது லெமன் டீ பொடி பாக்கெட், திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே சர்க்கரை. அதைக் கலக்கிக் குடித்துவிட்டு உடம்புக்கு நல்லது என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

அப்புறம் வீட்டிலேயே போட்டேன். வழக்கமான டஸ்ட் டீயைக் கொதிக்கவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் காவிரிப் புதுவெள்ளம் மாதிரி ஒரே கலங்கல். கெட்டுப்போகவில்லை, டீக்கு நிறம் கொடுக்கும் தியாஃப்ளேவினும் கஃபீனும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. நீலகிரி இலைத் தேயிலை அவ்வளவாகக் கலங்காது, ஐஸ் டீக்கென்றே பெயர் வாங்கியது. இப்போதெல்லாம் கொதிக்க வைப்பதே இல்லை, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் நாலைந்து ஸ்பூன் இலை, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ், காலையில் வடிகட்டினால் துவர்ப்பு குறைவாக இருக்கும், அதனால் சர்க்கரை இல்லையே என்று நாக்கு தேடாது. நாலு சொட்டு எலுமிச்சை விழுந்ததும் அந்தப் பழுப்பு தேன் நிறத்துக்கு வெளுப்பதைப் பார்ப்பதற்காகவே கண்ணாடி டம்ளரில் ஊற்றுவேன்.

உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படும் டீயின் பாலிஃபீனால்கள் இதிலும் உண்டு, கஃபீன் காபியில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சொன்னது. நாக்கைச் சுட்டுக்கொண்டே குடித்துப் பழகியவள் நான்.

அதற்காகக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. அமெரிக்காவில் அர்கன்சாவில் ஒருவர் தினமும் 16 டம்ளர் ஐஸ் டீ, கிட்டத்தட்ட நாலு லிட்டர், குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் என்ற, கல்லாகச் சேரக்கூடிய உப்பு படிந்து சிறுநீரகம் செயலிழந்ததை 2015-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் டீ குறைக்கும்.

அம்மா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவதால் அவளுக்கு மட்டும் நாலு மணிக்கு மேல்தான். "ஆறிப்போன டீக்கு இத்தனை கதையாடி?" என்பாள். டம்ளரை மட்டும் காலி பண்ணிவிட்டுத்தான் கீழே வைப்பாள்.