திருப்பூரில் ஒரு மலை

டீச்சரிடம் நான் சொன்னது எதுவும் தப்பில்லை. கணக்கும் சரிதான். இருந்தும் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பலகை செய்யச் சொன்ன பார்ட்டி கேட்டது இதுதான்: நொய்யல் படுகையை மரத்தில் செதுக்கி, அதன்மேல் தாலுகாவாரியாக ஏற்றுமதிப் பணத்தையும் உயரமாக ஏற்ற வேண்டும். கண் தெரியாதவர்களும் தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கணும். நிலத்தின் உயரம் இலவசமாகவே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடாரில் எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. தென்னந்தோப்பின் உயரமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும், போகட்டும். சிக்கல் வேறு இடத்தில். கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்தால், வெள்ளியங்கிரியிலிருந்து நொய்யல் காவிரியில் கலக்கும் இடம் வரை நாலரை அடிப் பலகையில் அடங்கிவிடும். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து திருப்பூருக்கு நிலம் இறங்குவது நூறு மீட்டருக்குச் சற்று மேல். பலகையில் அது ஒரு மில்லிமீட்டர். செதுக்குகிற உருண்டை முனைக் கட்டர் மரத்தில் விட்டுப்போகிற கோடே அதைத் தின்றுவிடும். அதனால் உயரத்தை மட்டும் ஐந்து மடங்காக்கினேன். நிலத்தைச் செதுக்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

பணத்துக்கு அது உதவாது. நேர்க்கணக்கில் போட்டால் திருப்பூர் தூணாக நிற்கும், ஓரத்துத் தாலுகாக்கள் உப்புத்தாள் தேய்த்ததும் காணாமல் போகும். அங்கேயும் தறி ஓடுகிறது, ஆள் இருக்கிறார்கள், விரலுக்குத் தட்டுப்பட வேண்டாமா? தொகைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதையே உயரமாக வைத்தேன். வரைபடத்தில் தொகையை வட்டமாகக் காட்டுகிறவர்களும் ஆரத்தை வர்க்கமூலத்தில்தான் வளர்க்கிறார்கள். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அனுப்பும் முன் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும் என்று டீச்சரைக் கூப்பிட்டோம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். இடது கையை மலைமேல் ஊன்றிக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலை ஆற்றுத் தடத்தில் விட்டார். விரல் மெதுவாகக் கிழக்கே நகர்ந்தது. சூலூர் தாண்டிக் கொஞ்சம் போனதும் இரண்டு பக்கமும் சுவர் எழும்பியது.

“ஏனுங் தம்பி, திருப்பூர்ல மலை ஏதுங்க?”

“மலை இல்லீங்க டீச்சர், அது பணம்.”

சிரித்தார். அப்புறம் கட்டைவிரலும் நடுவிரலும் வைத்து அந்த உயரத்தை அளந்தார். அதே அளவைக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தாலுகாவிலும் வைத்துப் பார்த்தார்.

“மூணு மடங்குதானுங்களா?”

“இல்லீங்க, ஒம்பது.” வர்க்கமூலத்தை விளக்கினேன். விளிம்பில் பிரெய்லியில் குறிப்பு இருக்கிறது என்றும் சொன்னேன். அதையும் தேடிப் படித்தார்.

“இதைப் படிச்சுப்போட்டுத்தான் தொடோணும்னா, பேப்பர்லயே குடுத்திருக்கலாமே.”

மலையும்தான் நிஜம் இல்லை, ஐந்து மடங்கு உயர்த்தியிருக்கிறது என்றேன். வாதத்துக்காகச் சொன்னதுதான்.

“அது பரவால்லீங். எல்லா மலையும் ஒண்ணுபோல ஒசந்திருக்குது. இதுல பெருசை மட்டும் அமுக்கிப்போட்டீங்க.”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. ஓரத்துத் தாலுகாக்களைக் காப்பாற்றியது அந்த அமுக்கல்தான். ஆனால் பார்ட்டிக்கும் அது பிடித்திருந்தது, வேறு காரணத்துக்காக: சின்ன ஊர் மெம்பர்களுக்கு வருத்தம் வராது. விரலுக்காக நான் செய்ததை அவர்கள் மரியாதைக்காக ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

நான் பேட்டர்ன் வேலையில், அதாவது வார்ப்படத்துக்கு மர மாதிரி செய்வதில், வளர்ந்தவன். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும், அதனால் டிராயிங்கில் இருப்பதைவிடப் பெரிதாகத்தான் மரத்தை வெட்டுவோம். அதை யாரும் பொய் என்பதில்லை. உலோகம் வந்து சரிபண்ணிவிடும். இந்தப் பலகையில் ஊற்றுவதற்கு ஒன்றும் இல்லை. மரத்தோடு வேலை முடிந்தது.

டீச்சர் கேட்காத ஒன்றும் இருக்கிறது. ஒரத்துப்பாளையம். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய அணை, சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிப் போனது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விவகாரம் முற்றியது. பலகையில் அந்த இடம் வழுவழு என்று இருக்கிறது. ஏற்றுமதிக்கு மேடு உண்டு, இந்த நஷ்டத்துக்குப் பள்ளம் இல்லை. பார்ட்டி கொடுத்த தாளில் அந்தக் கணக்கு இல்லை, இல்லாத எண்ணை எப்படி வெட்டுவது? கூலிக்கு வேலை செய்கிறவன் பேச்சு மாதிரி இருக்கிறது, தெரிகிறது. ஒன்பதை மூன்றாக்கும்போது மட்டும் நான் கூலிக்காரன் இல்லையே, அந்த யோசனை என்னுடையதுதானே.

பலகை அப்படியே போய்விட்டது. இப்போது பவானிசாகர் ஆயக்கட்டுக்கு ஒன்று கேட்டு இன்னொரு பார்ட்டி வந்தது. நேர்க்கணக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அத்தனை உயரத்துக்குக் கட்டை ஒட்ட வேண்டும், தேக்கு இரண்டு பங்கு ஆகும் என்று மேஸ்திரி கணக்குப் போட்டார். விலை சொன்னதிலிருந்து பார்ட்டி போன் எடுப்பதில்லை. வர்க்கமூலத்தில் ஒரு கொட்டேஷன் அனுப்பிப் பார்க்கலாமா என்று மேஸ்திரி கேட்கிறார்.